ஒற்றை வரிக்காரி

எங்கள் ஆஃபீஸில் "மாட்டேன்" என்பதை முழு வாக்கியமாகச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். நாங்கள் எல்லாரும் "பாக்கலாம் லா", "ட்ரை பண்றேன் லா" என்று இழுக்கிற ஜாதி. மேலதிகாரி முகத்துக்கு நேரே தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவிட்டு, பிறகு பாத்ரூமில் நின்று திட்டுவோம். அக்காவிடம் அந்தக் கதையே கிடையாது. கேட்டவர் வாயை மூடுவதற்குள் "மாட்டேன்" வந்து விழுந்துவிடும். ஏன் என்று கேட்டால் உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பாள், அது சாப்பாட்டு நேரம்வரை போகும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளே ஃபோன் போட்டு, "என்னைக் கேட்டியா நீ?" என்பாள். அந்தக் குரலுக்கு எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம்தான்.

நாங்கள் வேலை பார்த்தது சிங்கப்பூரில், ஜூரோங்கில், குளிர்கிடங்குகளுக்கு ப்ரோக்ராம் எழுதிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில். இறால், கோழி, மீன் உருண்டை என்று உறைந்து கிடக்கும் பெரிய பெரிய அறைகள். அவற்றின் வெப்பத்தை விடாமல் அளந்து, ஏதாவது அறை கெட்டுப்போக ஆரம்பித்தால் சைரன் அடிக்க வேண்டும். அந்தச் சைரனுக்குப் பின்னால் இருந்த மூளை அக்காவுடையது. நான் அங்கே கையேடு எழுதுகிறவள். அவள் செய்து வைத்ததை மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது என் பிழைப்பு. அதனால் அவளிடம் நான் பட்ட பாடு வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

அவள் ப்ரோக்ராம் எழுதிய மொழி எங்கள் மாடியில் வேறு யாருக்கும் தெரியாது. விசைப்பலகை முழுக்கக் குட்டிக் குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள், ஒவ்வொன்றிலும் அந்த மொழியின் ஒரு குறி, ஏதோ ஒரு வட்டம், ஒரு கொம்பு, கவிழ்த்து வைத்த ஒரு முக்கோணம். சாதாரணமாக ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் முதல் அறையைப் பார், முடிந்ததா, அடுத்த அறையைப் பார் என்று வரிசையாகப் போவார்கள். அக்காவின் மொழியில் அந்தப் பேச்சே இல்லை. எண்களைக் கூட்டம் கூட்டமாக வாங்கும், கூட்டம் கூட்டமாகவே திருப்பித் தரும். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் ஒரே வரியில் எழுதிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு லுஹர் தொழப் போய்விடுவாள்.

"இதை யாரு படிப்பாங்கக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்துக்கிட்டவங்க படிப்பாங்க."

"யாருமே கத்துக்கலையே?"

"அது என் தப்பா?"

ஆனாலும் நான் கையேடு எழுதியாக வேண்டுமே. விடாமல் நச்சரித்தேன். பொறுக்க மாட்டாமல் ஒரு சனிக்கிழமை என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு வீட்டுக்கு ஆட்டுக்கறி வாங்கவேண்டியிருந்தது, எனக்குப் பாடம். கறியை வாங்கிக்கொண்டு, மேசை பிடித்து உட்கார்ந்தோம். பானக் கடைக்காரர் வந்து நின்றார்.

"ஒரு கோப்பி கொசொங், ஒரு தே பெங்" என்றாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "கோப்பி போடறது ஒரு வேலை. தே போடறது ஒரு வேலை. சரியா?"

"சரி."

"கொசொங்னு சொன்னேனே, சீனி இல்லாமன்னு, அது ஒரு பானமா? அதைத் தனியா குடிக்க முடியுமா?"

"எப்படிக்கா முடியும்?"

"ஆனா எந்தப் பானத்துக்குப் பின்னாடியும் அதைப் போடலாம். கோப்பிக்குப் போட்டா வேற கோப்பி. தேக்குப் போட்டா வேற தே. பெங்கும் அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் ஐஸ் போட்டுத் திருப்பிக் கொடுக்கும். அது பானத்தை வாங்கல. பானம் போடற வேலையை வாங்கி, வேற ஒரு வேலையாக் கொடுக்குது. என் மொழியில இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க. வேலைக்கு மேல உக்காந்திருக்கற வேலை. புரியுதா?"

புரிந்தது. புத்தகங்கள் பக்கக்கணக்கில் குழப்பி வைத்திருந்தது ஒரு கோப்பி வருவதற்குள் புரிந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கையை விடு, கோப்பி வந்துடுச்சு, ஆறிடப் போவுது" என்றாள்.

அந்த மேலே உட்கார்ந்திருக்கும் ஆட்களில் அவளுக்கு உயிர் ஒன்றின்மேல்தான். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வகைக்கெழு என்று போட்டிருப்பார்கள். அக்கா அதைச் 'சரிவு' என்பாள். எந்த வேலையைக் கொடுத்தாலும், அது எந்த வேகத்தில் மாறுகிறது என்று சொல்லும் இன்னொரு வேலையாக மாற்றிக் கொடுக்கும். அறையின் வெப்பத்தைக் கொடுத்தால், வெப்பம் ஏறுகிற வேகம் கிடைக்கும். சைரனை அடிப்பது வெப்பம் அல்ல, அந்தச் சரிவுதான். கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் ஏறினால் குளிர் மெஷின் கெட்டுப்போகிறது என்று அர்த்தம், சைரன். திடீரென்று ஒரு குதி குதித்தால் யாரோ சாமான் எடுக்கக் கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்குச் சைரன் வேண்டாம், 'கதவு திறப்பு' என்று ஒரு குறிப்பு போதும். நாள் முழுக்கக் கதவு திறந்து மூடும் இடத்தில் இப்படி ஒன்று இல்லாவிட்டால் ஊரே செவிடாகிவிடும்.

வாழ்க்கையிலும் அவளுக்கு அதே கேள்விதான். என் அம்மா டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ப்ளேட்லெட் எவ்ளோ?" என்றார்கள். அக்கா மட்டும், "எவ்ளோன்னு எனக்கு வேணாம். நேத்து இறங்கின வேகத்துல இன்னைக்கும் இறங்குதா?" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. என்ன பெண் இவள், இங்கேயும் கணக்கா என்று. சற்று நேரத்தில் டாக்டர் வந்து நர்ஸிடம் அதையே கேட்டார். இறங்குகிற வேகம் குறைந்திருந்தது. அக்கா என் தோளில் தட்டி, "அப்ப மேல திரும்பப் போவுது, போய்ச் சாப்பிடு" என்றாள். அம்மாவின் கட்டிலருகே நான் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து தினமும் வந்தாள். நான் கூப்பிடவே இல்லை.

இப்படிப்பட்டவளிடம் போய்த்தான் எங்கள் மேனேஜர் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எடுக்கச் சொன்னார். அவரும் நம் ஆள்தான், அக்காவைவிட வயதில் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும், அவ்வளவுதான்.

"அக்கா, ஸ்க்ரீன்ல மைனஸ் பதினெட்டு புள்ளி மூணு ஏழுன்னு வருது. கஸ்டமருக்குப் பாக்கவே பிடிக்கலையாம். மைனஸ் பதினெட்டுன்னு நீட்டா காட்டுங்களேன் லா."

"மாட்டேன்."

"ஏன்க்கா?"

"விஷயமே புள்ளிக்குப் பின்னாடிதான் இருக்கு."

அவர் மறுபடி வந்தார். மறுபடி மாட்டேன். அப்புறம் வாடிக்கையாளரே எங்கள் பெரிய முதலாளியிடம் சொல்லி, மேலிருந்து உத்தரவு வந்தது. அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த வரியின் ஓரத்தில் ஒரே ஒரு குறி சேர்த்தாள். எண்களை முழுசாக்கும் குறி. "இந்தா, உங்க நீட்டு" என்று மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. உள்ளே வரும் எண் ஒரே வாசலில்தான் வரவேண்டும், ஸ்க்ரீனுக்கு ஒரு பாதை, சைரனுக்கு ஒரு பாதை என்று பிரித்து வைப்பது சோம்பேறிகளின் வேலை என்பாள். ஒரு இடத்தில் செய், எல்லாருக்கும் போகட்டும். இதுதான் அவள் தொழில். அந்தக் குறியையும் அவள் வாசலிலேயே வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஜூரோங்கில் அதே வாடிக்கையாளரின் கிடங்கில் ஓர் அறை இறால் முழுக்கக் கெட்டுப்போனது. சைரன் அடிக்கவே இல்லை. அன்றைக்கு டியூட்டியில் இருந்தது செல்வம் என்ற பையன், அறந்தாங்கிப் பக்கம், வொர்க் பெர்மிட்டில் வந்தவன். மாலையில் மாற்றாள் வந்து மூக்கைப் பொத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ப்ரோக்ராம் என்ன எழுதி வைத்திருந்தது தெரியுமா? பகல் முழுக்க, விட்டு விட்டு, 'கதவு திறப்பு', 'கதவு திறப்பு', 'கதவு திறப்பு'.

மறுநாள் காலை அந்தக் கிடங்கில் டூல்பாக்ஸ் மீட்டிங். வேலை தொடங்குமுன் எல்லாத் தொழிலாளிகளையும் வெளிமுற்றத்தில் வரிசையாக நிறுத்தி, அன்றைய வேலையையும் பாதுகாப்பு விஷயங்களையும் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் சூப்பர்வைசர் செல்வத்தை முன்னால் இழுத்து நிறுத்தி, "இந்த ராஜா நேத்து வெயில் தாங்காம ஃப்ரீஸருக்குள்ள போய் போய் காத்து வாங்கியிருக்காரு. ஊருக்குப் போய் வாங்கிக்கட்டும்" என்றாராம். கூட்டம் சிரித்ததாம். பெர்மிட்டை ரத்து செய்ய அன்றைக்கே பேசிவிட்டார்கள். இவனை இங்கே அனுப்ப அவன் வீட்டில் நிலத்தை விற்றிருந்தார்கள்.

அதற்கடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, இதை விசாரிக்கக் கிடங்கில் கூப்பிட்ட மீட்டிங்குக்கு மேனேஜர், அக்கா, நான் மூவரும் போனோம். அறைக்கு வெளியே செல்வம் நின்றுகொண்டிருந்தான். அழுதிருந்தான் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், சத்தியமா நான் கதவைத் தொடவே இல்ல."

அக்கா நிற்கக்கூட இல்லை. "என் ப்ரோக்ராம் பொய் சொல்லாது தம்பி" என்று நடந்துகொண்டே சொன்னாள்.

அந்த நிமிஷம் அவளை நான் வெறுத்தேன். இவ்வளவு வருஷம் வியந்த திமிர், எதிரில் ஒன்றுமில்லாத ஒரு பையன் நின்றபோது பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பி வந்து இவளோடு ஒரு மேசையில் இனிமேல் உட்காரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே கிடங்கின் தலைவர், சீனர், பெரிய திரையில் ஞாயிற்றுக்கிழமை வெப்பத்தைக் கோட்டுப்படமாகப் போட்டுக் காட்டினார். எங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் சிஸ்டம் கதவைச் சரியாகப் பிடித்துவிட்டது, நன்றி என்றார். மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கையை அவிழ்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"கதவைத் திறந்தா ஏறும்" என்றாள் என் காதில். "மூடினா இறங்கணும்ல? இது ஏன் இறங்கவே இல்ல?"

நான் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி ஒரே பக்கமாக ஏறிக்கொண்டு போனது.

"அல்லாவே" என்றாள். அவ்வளவு மெல்லிய குரல் அவளிடம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உடனே எழுந்து நின்றாள். மேனேஜர் அவள் பக்கம் சாய்ந்து, "அக்கா, எதுவா இருந்தாலும் ஆஃபீஸ்ல போய்ப் பேசிக்கலாம், உக்காருங்க" என்றார்.

"மாட்டேன்."

ஆங்கிலத்தில்தான் பேசினாள். கதவு திறக்கவில்லை, பொய் சொன்னது என் ப்ரோக்ராம் என்றாள். அந்தக் குளிர் மெஷின் மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தது; வெப்பம் இம்மி இம்மியாக ஏறியது. நான் வாசலிலேயே முழு எண்ணாக்கிவிட்டதால், அந்த இம்மி எதுவும் உள்ளே போகவில்லை. பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு என்றே போயிருக்கிறது. சரிவு என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை, பூஜ்யம். இம்மிகள் சேர்ந்து ஒரு முழு எண் ஆனதும் ஒரே குதியாகக் குதித்திருக்கிறது. குதித்தால் கதவு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். எண்ணை முழுசாக்குவது சரிவு பார்த்த பிறகு நடக்கவேண்டியது. நான் முன்னால் வைத்துவிட்டேன் என்றாள்.

தலைவர் அசல் எண்கள் எங்கே என்றார். இல்லை, வாசலிலேயே தூக்கி எறிந்தாயிற்று என்றாள். அப்புறம் எப்படி நம்புவது என்றார். அக்கா மடிக்கணினியைத் திறந்தாள். மெதுவாக, சீராக ஏறும் எண்களைத் தானே உண்டாக்கி, தன் ஒற்றை வரிக்குள் ஊற்றினாள். கதவே இல்லாத அந்த எண்களுக்கு அவளுடைய ப்ரோக்ராம் திரையில் எழுதியது: 'கதவு திறப்பு', 'கதவு திறப்பு', 'கதவு திறப்பு'. மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் வெடித்தார். "வாயை மூடிட்டு இருந்திருந்தா நமக்கு ஒண்ணும் ஆயிருக்காதே அக்கா! அவங்களே கதவுன்னு முடிவு பண்ணிட்டாங்களே!"

"நமக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அவனுக்கு?"

"சரி, இப்பவாவது 'காரணம் உறுதியாகத் தெரியல'ன்னு எழுதிக் கொடுங்க. ரெண்டு பக்கமும் தப்பிச்சுக்கலாம்."

"எனக்கு உறுதியாத் தெரியுமே. மாட்டேன்."

மாலைக்குள் ஆஃபீஸ் கதவில் அவளுடைய பாஸ் அட்டை வேலை செய்யாமல் போனது. ஸ்டிக்கர் ஒட்டிய விசைப்பலகையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் படிக்கத் தெரிந்த வேறு ஒரு ப்ரோக்ராமை வாங்கினார்கள். நல்லவேளை, ஆபத்து நீங்கியது என்று ஆஃபீஸில் பேசிக்கொண்டார்கள். அந்தக் குறியைப் போடச் சொல்லி மேலிருந்து வந்த உத்தரவைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவள் செய்தது தப்புதான், இல்லையென்று அவளே சொல்லமாட்டாள். ஆனால் தப்பு செய்த எத்தனையோ பேர் அங்கே பதவி உயர்வோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒப்புக்கொண்டவள் மட்டும்தான் வெளியே போனாள்.

ஆனால் கடைசியில் நான் சொல்ல வந்தது இது இல்லை. அன்று மாலை, ஆஃபீஸிலிருந்து கிளம்பியவள் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே கிடங்கின் வாசலுக்குப் போனாள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த செல்வத்தைப் பிடித்தாள்.

"தம்பி, உன்னை அனுப்பமாட்டாங்க. பேசியாச்சு. தப்பு என்னோடது. நீ சொன்னதை நான் நின்னு கேக்கல, அதுவும் தப்பு."

அவன் காலில் விழுவான், கும்பிடுவான் என்று நான் நினைத்தேன். அவன் முகம் மாறவே இல்லை.

"சரிக்கா. ஆனா டார்மிட்டரில என்னை 'ஏர்கான் ராஜா'ன்னு கூப்பிடறானுங்க. சாப்பிட உக்காந்தா, ஐஸ் வேணுமாடான்னு கேக்கறானுங்க. அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்கக்கா. இப்ப நீங்க எங்கிட்ட மட்டும் வந்து தனியா சொன்னா எனக்கு என்ன பிரயோஜனம்?"

எனக்குச் சுருக்கென்றது. இவளுக்கு வேலையே போய்விட்டது, இவன் இன்னும் கேட்கிறானே என்று. அக்கா அவனை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை. இத்தனை வருஷத்தில் தனக்குச் சமமாக மல்லுக்கு நிற்க ஒருவன் கிடைத்துவிட்ட மாதிரி ஒரு மலர்ச்சி.

"நியாயம்" என்றாள். "காலையில எத்தனை மணிக்கு வரிசையில நிப்பீங்க?"

மறுநாள் எம்ஆர்டி ரயில் பிடித்து, பஸ் மாறி, நாங்கள் போய்ச் சேரும்போது தொழிலாளிகள் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அனுமதி இல்லை, அட்டை இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நடந்தாள். யாரோ ஒரு ஹெல்மெட்டை நீட்டினார்கள். தலைத்துணிக்கு மேல் வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் அன்றைய வேலையைப் படிக்க ஆரம்பிப்பதற்குள், அங்கே கிடந்த மரப் பலகை அடுக்கின்மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை இந்தத் தம்பி கதவைத் திறக்கல. சைரன் அடிக்காம போனது என் தப்பு, கதவு திறந்துச்சுன்னு எழுதினதும் என் தப்பு. இவர் சொன்னது உண்மை." தமிழில் சொன்னாள். அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். அதையே மலாயில் சொன்னாள். வரிசையில் சலசலப்பு ஓடியது. செல்வம் முதல் வரிசையில் நிமிர்ந்து நின்றான்.

"சரி சரி, போதும்க்கா, எல்லாருக்கும் கேட்டாச்சு, இறங்குங்க லா" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா கடைசி வரிசையைக் காட்டினாள். பங்களாதேஷ்காரர்கள் நின்றிருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அவங்களுக்கு இன்னும் போகல" என்றாள். அவர்களில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கைகாட்டி முன்னால் கூப்பிட்டு, நான் சொல்வதை உங்கள் மொழியில் வரி வரியாகச் சொல் என்றாள்.

"அக்கா, லாரியெல்லாம் நிக்குது!"

"நிக்கட்டும்."